மடியில் மாப்பிள்ளை

கால்நடை டாக்டர் கொடுத்த சீட்டில் பன்னிரண்டு கிலோ என்றுதான் எழுதியிருந்தது. எழுதுகிறவருக்கு என்ன, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார், அதை மடியில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் மலையை இறங்குகிறவனுக்கல்லவா தெரியும். வெள்ளி அருவி தாண்டுவதற்குள் சேவுகனின் இடது தொடை மரத்துப்போய்விட்டது. காலை நீட்டலாம் என்றால் இடமில்லை, கொஞ்ச நேரம் நீ பிடி என்று கொடுக்கலாம் என்றால் ஆளில்லை, முன்னால் சவரி ஜீப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறான், பின்சீட்டில் சேவுகனும் மாப்பிள்ளையும்தான். மாப்பிள்ளை என்றால் பெண் கொடுத்த மாப்பிள்ளை இல்லை, விடுதிக் குளத்து ஆண் அன்னம். கரையில் யாராவது புது ஆள் தெரிந்தால் போதும், இரண்டு இறக்கையையும் முதுகுக்கு மேலே தூக்கி வளைத்து, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, மார்பைத் தள்ளிக்கொண்டு தண்ணீரைக் கிழித்தபடி வருவார். வாடகைக் கோட்டு போட்டுக்கொண்டு கல்யாண மேடையேறுகிற ஆள் கெட்டான். அதைப் பார்த்த அன்றைக்கே சேவுகனின் மனைவி ராக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டாள், அதோடு பெட்டைக்குப் பொண்ணு என்று பேர் தானாக விழுந்தது. நாலு வருஷமாக விடுதியில் சமையல்காரர் முதல் மேனேஜர் வரைக்கும் அதுதான் பேர். அந்த மாப்பிள்ளை இப்போது ராக்கு தான் வேலை செய்கிற சலவைக்கூடத்திலிருந்து கொண்டுவந்து கிழித்துக் கொடுத்த பழைய படுக்கை விரிப்புக்குள் இருந்தார். இறக்கைகளை மடித்து உடம்போடு ஒட்ட வைக்க வேண்டும், கால் இரண்டையும் பின்பக்கமாக வாலுக்கடியில் நீட்டிவிட வேண்டும், கழுத்து மட்டும் வெளியே நிற்கிற மாதிரி துணியைச் சுற்றி இழுத்துக் கட்ட வேண்டும், இறுக்கினால் மூச்சு போய்விடும், தளர்த்தினால் உன் மூக்கு போய்விடும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். விரிப்பைக் கொடுத்த கையோடு ராக்கு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். ஏதாவது பேசியிருந்தால் சேவுகன் சமாளித்திருப்பான்.

நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த ஆள் தன்னைத் தொட விட்டதில்லை. கீரையும் ஊறவைத்த கோதுமையும் போட்ட கை, கரையைக் கூட்டிய கை, மழைக்காலத்தில் குளத்துக்கு மேலே விழுந்த கிளையை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இழுத்த கை, எல்லாம் சரி, நாலடி தள்ளி நில் என்பதுதான் மாப்பிள்ளையின் சட்டம். ஐந்தாவது அடிக்குச் சத்தம் வரும், ஸ்ஸென்று, குக்கரில் ஆவி போகிற மாதிரி. இன்றைக்குக் காலையில் பிடித்தபோது போட்ட சண்டையில் சேவுகனின் முழங்கையில் ஒரு அடி, இறக்கை எலும்பு வந்து மோதியதில் இன்னும் விண்விண்ணென்று தெறிக்கிறது. இப்போது அதே ஆள் மடியில். விரிப்பைத் தாண்டி உடம்புச் சூடு அவன் வயிற்றில் இறங்குகிறது, இவ்வளவு சூடா இதற்குள், மார்கழிப் பனியில் குளத்து ஓரம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது இது பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்குமே, அப்போதெல்லாம் ஐயோ பாவம் என்று நினைத்தானே, பாவம் யார், மூன்று சட்டை போட்டு நடுங்கிய இவனா, இந்தச் சூட்டை உள்ளே வைத்துக்கொண்டிருந்த அதுவா. வாசனைகூட இருக்கிறது, பாசியும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. வாலடியில் ஒரு இடத்தில் எண்ணெய் சுரக்குமாம், அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகு இறகாகத் தடவிக்கொள்ளும், அதனால்தான் தண்ணீர் ஒட்டுவதில்லை, காலை முழுக்க அதே வேலை, ராக்கு தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கழுத்து இவன் தோளுக்குப் பக்கத்தில் நட்டமாக நிற்கிறது. மனுஷன் கழுத்தில் ஏழு எலும்பு, இதற்கு இருபதுக்கு மேல் என்று டாக்டர் சொன்னார். அந்த இருபத்துச் சொச்சமும் வளைவுக்கு வளைவு ஜீப்போடு சேர்ந்து ஆடுகிறது. கறுத்த சின்னக் கண் இவனைப் பார்க்கிறதா, பின்னால் போகிற மலையைப் பார்க்கிறதா, தெரியவில்லை. அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் நெல்லிக்காய் அளவில் கறுப்புப் புடைப்பு, பொண்ணுக்கு அது சுண்டைக்காய்தான். பொண்ணு இந்நேரம் என்ன செய்துகொண்டிருக்கும். முட்டை மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஐந்து முட்டை. முப்பத்தோராம் நாள்.

முப்பத்தோராம் நாள் என்று கணக்கு வைத்திருப்பதே தப்பு, கணக்கு வைத்தால் மனசு அங்கேயே சுற்றும். போன வருஷமும் இப்படித்தான் எண்ணினான். இருபத்தாறாம் நாள் யாரோ பெரிய வீட்டுக் கல்யாணப் பார்ட்டி வந்து குளக்கரையில் படம் எடுக்க வேண்டுமென்றார்கள், மாப்பிள்ளை கொத்துவாரே என்று இரண்டே நாள், வெறும் இரண்டு நாள், கூண்டில் அடைத்து வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கூட்டில் ஓடுதான் கிடந்தது. பொண்ணு இரை தேட இறங்கிய நேரம் பார்த்துக் கீரி வந்திருக்கிறது. வேறென்ன செய்யும் பொண்ணு, முட்டையை மூடிவிட்டு இறங்கித் தலைகீழாகக் கவிழ்ந்து, வால் மட்டும் மேலே தெரிய, அடியில் கிடக்கிற பாசியை இழுத்துத் தின்றுவிட்டு வரத்தானே வேண்டும், அந்தக் கால் மணி நேரத்துக்குக் காவல்தானே மாப்பிள்ளையின் உத்தியோகம். அன்றைக்கு அவரைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டபோது நேராகக் கூட்டுக்குப் போனார், ஓட்டுக்குப் பக்கத்தில் நின்றார், பொண்ணும் வந்து நின்றது, இரண்டும் கழுத்தோடு கழுத்து வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்துவிட்டு ராக்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனி பிறந்ததும் மாப்பிள்ளைக்கு இறகு கொட்ட ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கிற இறகு மொத்தமும் விழுந்து, புதிதாக முளைக்கிறவரைக்கும் ஒன்றரை மாதம் எதுவும் செய்ய முடியாது. அப்போது அவர் நாணலுக்குள் போய் ஒளிந்துகொண்டார். இறக்கை தூக்கலும் இல்லை, ஸ்ஸும் இல்லை. சேவுகனுக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, மில்லில் வேலை போன வருஷம் தானும் இப்படித்தான் பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தது ஞாபகம் வந்தது. ராக்கு அப்போது கதவுக்கு வெளியே நின்று, வருகிறவர்களிடம் அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லுவாள். ஒரு வருஷம் முழுக்கக் காய்ச்சல்.

இப்போது இந்த ஆளை எங்கே கொண்டுபோகிறோம். வத்தலக்குண்டுக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். முதலாளியின் மச்சினர் கட்டியது, வாசலில் டைல்ஸ் ஒட்டிய தொட்டி, நடுவில் நீரூற்று, சாயங்காலமானால் கலர் விளக்கு. பொண்ணு மாப்பிள்ளை படமெடுக்க ஒரு அன்னம் நின்றால் நன்றாக இருக்கும் என்று அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், விடுதியில் ஒரு அன்னம் விருந்தாளியை அடித்துவிட்டது என்றதும் தோது அமைந்துவிட்டது. சித்திரை வெயிலில், முழங்கால் தண்ணீரில், பாசியில்லாத டைல்ஸ் மேல். இவ்வளவு பெரிய உடம்பு எழும்பிப் பறக்க வேண்டுமென்றால் தண்ணீர் மேலேயே நூறு கஜம் ஓட வேண்டும், விடுதிக் குளத்திலேயே அதற்கு நீளம் பத்தாது, இந்தத் தொட்டியில் திரும்பி நிற்கவே இடம் இருக்குமோ என்னமோ. அப்புறம் அது யாரைத் தேடும். தேடும், நிச்சயம் தேடும், ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் சேர்ந்ததுதான். ஒரு பறவைக்குப் போய் இப்படி உருகுகிறாயே என்று யாராவது கேட்டால், கேட்கட்டும், அப்படிக் கேட்கிறவர்கள் செய்யாத தப்பையா இவன் செய்தான். தப்பு. அந்தச் சொல் வந்ததும் சேவுகன் வேறு பக்கம் பார்த்தான். பெருமாள்மலை வந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒருவன் பேரிக்காய் விற்றுக்கொண்டிருந்தான். பேரிக்காயை நினைக்கலாம் என்று பார்த்தால் பால்தான் நினைவுக்கு வந்தது.

பால்தான் எல்லாவற்றுக்கும் காரணம். குளத்துக்கு வருகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் ஒரே கேள்விதான் கேட்பார்கள், இது பாலையும் தண்ணீரையும் கலந்து வைத்தால் பாலை மட்டும் குடிக்குமாமே. முதல் மாதம் சேவுகன் உண்மையைத்தான் சொன்னான், அதெல்லாம் இல்லீங்க, பாசிதான் தின்னும் என்றான். அப்போது அவர்கள் முகம் விழுகிற விழுகையைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு தூரம் மலையேறி, பிள்ளைகுட்டியோடு வந்து நின்று, சின்ன வயசிலிருந்து நம்பிக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்கிறார்கள், இவன் என்ன பெரிய கோர்ட்டு ஜட்ஜா இல்லை என்று தீர்ப்புச் சொல்ல. இரண்டாம் மாதத்திலிருந்து, குடிக்கும் சார், நானே பார்த்திருக்கேன் என்று சொல்லிவிட்டான். மூன்றாம் மாதம் அதில் கை கால் முளைத்தது, ஆவின் பால் என்றால் தொடாது சார், கறந்த பால்தான் வேணும் என்றான். பொய் சொல்லுகிற சுகம் இருக்கிறதே, அதுவும் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய், பாயாசத்தில் முந்திரி போடுகிற மாதிரி, போடப் போடக் கை நிற்காது. ராக்கு சொன்னாள், ஒரு நாள் இல்ல ஒரு நாள் எவனாச்சும் பாலோட வந்து நிக்கப் போறான் பாருங்க என்று. வந்து நின்றார். போன செவ்வாய்க்கிழமை. கோயம்புத்தூர்க்காரப் பெரியவர், அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். "ஏனுங்க, நெசமாலுமே பாலை மட்டும் பிரிச்சுக் குடிக்குமுங்களா?" என்று கேட்டார். சேவுகன் வழக்கம்போலத் தலையாட்டினான். பெரியவர் மனைவி பக்கம் திரும்பி, "பார்த்தியா, நாப்பது வருசமா நாஞ் சொல்றேன், நம்ப மாட்டேங்கறே" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "கண்ணுல காட்டுங்க, நம்பறேன்" என்றது. அவ்வளவுதான். நாற்பது வருஷ வழக்கு ஒருவன் தலையாட்டலில் தொங்கிக்கொண்டிருக்கிறது, எப்படி இல்லை என்பது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அடைகாக்கிற நேரம், வேலிக்குள்ளே யாரும் போகக்கூடாது என்பது விடுதிச் சட்டம், அதையாவது சொல்லியிருக்கலாம். சேவுகன் சமையல்கட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் பால் வாங்கி, பாதித் தண்ணீர் ஊற்றி, அவனே வேலிக்கதவின் கொக்கியை எடுத்து, வாங்க சார் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனான். எந்த நம்பிக்கையில் போனான் என்று இன்றைக்கு வரைக்கும் அவனுக்கே விளங்கவில்லை. நாலு வருஷம் சொல்லிச் சொல்லி, ஒருவேளை குடித்தாலும் குடிக்கும் என்று அவனே நம்பிவிட்டானோ.

மாப்பிள்ளை பாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டுக்கும் பெரியவருக்கும் நடுவில் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, கரையில் நடக்கும்போது அவர் நடை கொஞ்சம் ஆட்டம்தான், சிரிப்புக்கூட வரும், அந்த நடையிலேயே வந்து இறக்கையால் ஒரே அடி. பெரியவர் முழங்காலில் பட்டுச் சாய்ந்தார், கையை ஊன்றினார், மணிக்கட்டு பிசகிவிட்டது. கிண்ணம் உருண்டு பால் புல்லில் போயிற்று. அந்த அம்மா ஓடிவந்து, அடித்த அன்னத்தைத் திட்டவில்லை, அழைத்துப்போன சேவுகனையும் திட்டவில்லை, புருஷனைத்தான் திட்டினாள், எனக்குக் காட்டலீன்னு யாரு அழுதாங்க என்று, திட்டிக்கொண்டே முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். போகும்போது பெரியவர் கட்டுப் போட்ட கையோடு மேனேஜரிடம், நானாத்தானுங்க வேலிகிட்டப் போனேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அது பெருந்தன்மை. அதற்கப்புறம் மேனேஜர் கூப்பிட்டு, கதவைத் திறந்தது யார் என்று கேட்டபோது சேவுகன் சொன்னது பெருந்தன்மை இல்லை. கொக்கி லூசாக இருந்தது சார், அதுவே முட்டித் தள்ளிக்கிட்டு வெளியே வந்துருச்சு என்றான். வாயிலிருந்து அவ்வளவு லேசாக வந்தது. நாலு வருஷப் பழக்கம். சாத்திய கதவை முட்டித் திறந்துகொண்டு வந்து ஆளை அடிக்கிற பறவை என்றால் அதை வைத்துக்கொள்ள முடியுமா, மேனேஜர் மேல் குற்றமில்லை, அவர் எழுத வேண்டியதை எழுதினார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று சேவுகனுக்குத் தெரியும். வேலிக்கதவைத் திறந்துவிட்ட காவல்காரனுக்கு வேலை கிடையாது, வேலை இல்லையென்றால் குவார்ட்டர்ஸ் கிடையாது. பதினோரு வாடகை வீடு மாறிய பிறகு கிடைத்த வீடு அது. ஓட்டுக்கூரை ஒழுகாத முதல் வீடு. ராக்கு பின்னால் சௌசௌ கொடி போட்டு, அது வேலி முழுக்க ஏறி, காய்க்கிற காயை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வயசில் அவளைப் பார்த்து, கட்டு பாத்திரத்தை என்று எப்படிச் சொல்வது. அவளுக்காகத்தான், எல்லாம் அவளுக்காகத்தான். அப்படிச் சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அடுத்த வளைவு வரைக்கும்.

ஊத்து என்கிற ஊர் தாண்டியதும் காற்றில் குளிர் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் சூடு ஏற ஆரம்பித்தது, முதலில் காதில், அப்புறம் ஜீப்புத் தகரத்தில். மாப்பிள்ளை அலகைத் திறந்தார். சத்தம் ஏதும் வரவில்லை, திறந்தபடியே இருந்தார், தொண்டைத் தோல் படபடவென்று துடித்தது. சேவுகன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து துணியின் மேல் ஊற்றினான், கழுத்தில் கொஞ்சம் தடவினான். தடவ விட்டார். அதுதான் பயமாக இருந்தது. கொத்து, கொத்தேன், என் காதையாவது கடி என்று வாய்க்குள் சொன்னான். நட்டமாக நின்ற கழுத்து மெதுவாகத் தாழ்ந்தது, ஒரு முறை நிமிர்ந்தது, மறுபடி தாழ்ந்து சேவுகனின் சட்டைக்கு மேல் வந்து படுத்து, அலகு அவன் கக்கத்துக்குள் புகுந்துகொண்டது. தூங்கும்போது தன் இறக்கைக்குள் செருகிக்கொள்ளுமே, அது. இறக்கைதான் கட்டிக் கிடக்கிறதே, அதனால் கிடைத்த கக்கத்தில். சேவுகன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தொடை மரத்தது, முழங்கை வலி, எல்லாம் எங்கேயோ போயின. இவ்வளவு பெரிய பறவை, யாருக்கும் அடங்காத பறவை, தன்னைக் கட்டியவன் கக்கத்தையே நம்பி முகத்தை வைத்திருக்கிறது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக் கையில்லை, வழிய விட்டான்.

சவரி கண்ணாடியில் பார்த்தான். நல்ல பையன், கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது, பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, ரொம்ப நாளாக் கேக்கணும்னு. இது நெசமாவே பாலப் பிரிச்சுக் குடிக்குமாண்ணே?"

"குடிக்காது" என்றான் சேவுகன்.

"நீங்கதான எல்லார்ட்டயும் குடிக்கும்னு சொல்லுவீங்க?"

"பொய்யிப்பா. அம்புட்டும் பொய். கதவத் தொறந்ததும் நாந்தான். பால் கொண்டுபோனதும் நாந்தான். இது ஒரு தப்பும் பண்ணல சவரி. பொண்டாட்டி முட்டையில உக்காந்திருக்கா, எவனோ கிண்ணத்தோட வர்றான், அடிக்காம என்ன செய்யும்? நீயா இருந்தா அடிக்க மாட்ட?"

சவரி டம்டம் பாறையில் மர நிழல் பார்த்து வண்டியை ஓரம் கட்டினான். எஞ்சினை நிறுத்தினான். பிறகு போனை எடுத்து, மேனேஜர் நம்பரைப் போட்டு, பின்னால் நீட்டினான்.

"என்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது."

கை காலியாக இல்லாததால் சவரிதான் போனைச் சேவுகனின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான். சேவுகன் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டான். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது, சொல்ல இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. மேனேஜர் முழுக்கக் கேட்டார். பிறகு, "பறவையத் திருப்பிக் கொண்டுவா" என்றார். "மண்டபத்துக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீ நாளைக்குக் காலைல குவார்ட்டர்ஸ் சாவியோட ஆபீசுக்கு வந்துரு சேவுகா." குரலில் கோபம்கூட இல்லை. கோபமிருந்தால் காலில் விழலாம்.

சவரி வண்டியைத் திருப்பினான். மாப்பிள்ளை கக்கத்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், சட்டை அந்த இடத்தில் நனைந்திருந்தது. பிழைத்துக்கொள்வார், மேலே போகப் போகப் பிழைத்துக்கொள்வார். ராக்குவிடம் எப்படிச் சொல்வது. முதலில் பறவை திரும்பி வருகிறது என்று சொல்லலாம், அதற்குச் சந்தோஷப்படுவாள், அந்தச் சந்தோஷத்தோடு சேர்த்து மற்றதை. இல்லை, மற்றதை முதலில். அவள் அழமாட்டாள், அவள் அழுது பார்த்ததே இல்லை, பேசாமல் கொடியைப் போய்ப் பார்ப்பாள், அதுதான் தாங்காது. சாயங்காலம் நேரில் சொல்லிக்கொள்ளலாமா. இன்னொரு பொய்யா. "சவரி, வீட்டு நம்பரப் போடுப்பா" என்றான்.

சவரி நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி முன்னால் வைத்தான், ராக்கு முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ராக்கு, நான் வந்து... மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன். மாப்பிள்ளையத் திருப்பிக் கூட்டிட்டு வாரேன். நம்மளத்தான் நாளைக்கு..."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"டம்டம் பாறையத் தாண்டி மேல வந்துக்கிட்டிருக்கோம்."

"அம்புட்டுத் தூரமா போனீங்க? நான் பெருமாள்மலையிலேயே போன் வரும்னுல்ல நினைச்சேன்."

"நீ என்ன சொல்ற?"

"வண்டி கேட்டத் தாண்டுனதுமே பாத்திரம் பண்டமெல்லாம் கட்டிட்டேன். துணிமணியும் கட்டியாச்சு. இருபத்தெட்டு வருசமா உங்க கூடக் குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா உங்கள? அடுப்ப மட்டும் கட்டல, வந்து சாப்பிட்டுக் கட்டிக்கலாம்."

"ராக்கு..."

"பொறவு பேசிக்கலாம். சத்தம் போடாதீங்க."

"ஏன், எங்க இருக்க நீ?"

"குளத்துலதான். வேலைக்குச் சொல்லிட்டு வந்துட்டேன். பொண்ணு இப்பத்தான் எந்திரிச்சு மேயப் போயிருக்கு, கூட்டுகிட்டக் கம்போட ஒக்காந்திருக்கேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எதிர்க் கரையில ஒரு கீரி நின்னு என்னையவே பாக்குது. சவரிய வெரசா ஓட்டச் சொல்லுங்க. எம்புட்டு நேரந்தான் நான் ஒருத்தியே மாப்பிள்ளையா இருக்கிறது."